ஏ-வா பி ஃப்ளாட்டா? பழைய கிளாரினெட் ஒண்ணு கையில இருக்கு, எந்த வகைன்னே பிடிபடல

குழல்_மனசு:

எல்லாருக்கும் வணக்கம். ஆறு வருஷமா புல்லாங்குழல் வாசிக்கிறேன், கிளாரினெட் பக்கம் இதுவரைக்கும் போனதே இல்ல. எங்க பெரியப்பா வாசிச்ச கிளாரினெட் ஒண்ணு இப்போ என்கிட்ட வந்திருக்கு. கருப்பு மரம், கீ எல்லாம் மங்கிப் போய் இருக்கு, பெட்டிக்குள்ள ரெண்டு மூணு பழைய ரீடும் (ஊதும்போது அதிர்ற நாணல் பட்டை) இருந்துச்சு. ஒரு ரீடை நனைச்சு மாட்டி ஊதினேன், முதல் நாள் கீச்சுன்னு கத்திச்சு, நாலு நாள் கழிச்சு கீழ் சத்தம் ஓரளவு வந்துடுச்சு. அந்த கீழ் சத்தம் வந்த நிமிஷத்துல இருந்து எனக்கு வேற நினைப்பே இல்ல, அவ்வளவு பிடிச்சுப் போச்சு.

இப்போ குழப்பம் என்னன்னா, விரல் சார்ட்ல இடது கை கட்டைவிரலும் முதல் மூணு விரலும் மூடினா மேற்கத்திய சுரம் சி வரும்னு போட்டிருக்கு, ஆனா என் ட்யூனர்ல ஏ-வுக்கும் பி ஃப்ளாட்டுக்கும் நட்ட நடுவுல முள் நிக்குது. கருவி கெட்டுப்போச்சா, இல்ல நான் ஊதுறது தப்பா? நெட்ல தேடினா பி ஃப்ளாட், ஏ, ஈ ஃப்ளாட், பேஸ், ஆல்ட்டோ, பேஸட் ஹார்ன்னு வரிசையா வருது. இதெல்லாம் தனித்தனியா கத்துக்கணுமா? இன்னொண்ணு, புல்லாங்குழல்ல அழுத்தி ஊதினா அதே விரலுக்கு மேல் ஸ்தாயி அதே ஸ்வரம் வரும், இதுல பின்னாடி இருக்கற கீயை அழுத்தினா சம்பந்தமே இல்லாத ஸ்வரம் வருது. இது ஏன்?

ரெண்டரை_ரீட்:

முதல்ல ஒரு விஷயத்துல நிம்மதியா இருங்க, சி பிடிச்சா சி வராதது கிளாரினெட்டோட குறை இல்ல, அது அப்படித்தான். பேர்ல இருக்கற எழுத்து என்ன சொல்லுதுன்னா, நீங்க சி-ன்னு எழுதினதைப் பார்த்து சி-யோட விரலைப் பிடிச்சா காதுக்கு எந்த சுரம் கேட்கும்ங்கறதைத்தான். பி ஃப்ளாட் கிளாரினெட்ல பி ஃப்ளாட் கேட்கும், ஏ கிளாரினெட்ல ஏ கேட்கும், ஈ ஃப்ளாட்ல ஈ ஃப்ளாட். குழாய் நீளம்தான் மாறுது, விரல் எல்லாத்துலயும் ஒண்ணே. அதனால ஒண்ணைக் கத்துக்கிட்டா மத்ததை எடுத்து உடனே வாசிக்க ஆரம்பிச்சுடலாம், மவுத்பீஸ் (வாயில வைக்கற பகுதி) அளவுக்கும் மூச்சுக்கும் பழகணும் அவ்வளவுதான். உங்க ட்யூனர் நடுவுல நிக்கற கதை மட்டும் வேற மாதிரி இருக்கு, அதைப் பத்தி கருவியைக் கையால பார்க்கறவங்க சொன்னா நல்லது.

புல்லாங்குழல் கேள்விக்கு வரேன், இதுதான் எனக்கு இந்தக் கருவியிலேயே ரொம்பப் பிடிச்ச விஷயம். கிளாரினெட் உள்துளை பெரும்பாலும் ஒரே அகலமா நேரா போகும், ரீட் இருக்கற பக்கம் அடைச்ச குழாய் மாதிரி நடந்துக்கும். அப்படிப்பட்ட குழாய்ல அடிப்படை அதிர்வோட 1, 3, 5 மடங்குன்னு ஒற்றைப்படை ஹார்மோனிக்தான் பலமா வரும். அதனால பின்னாடி இருக்கற அந்த ரெஜிஸ்டர் கீயை அழுத்தினா அடுத்து தாவறது மூணாவது ஹார்மோனிக்குக்கு. நீங்க ஸ பிடிச்சிருந்தா மேல் ஸ வராது, அதையும் தாண்டி அங்க இருக்கற ப வரும். புல்லாங்குழல் ரெண்டு பக்கமும் திறந்தது, சாக்ஸஃபோன் கூம்பு மாதிரி விரிஞ்சுக்கிட்டே போறது, அதனால அது ரெண்டும் சரியா ஒரு ஸ்தாயி தாவும். நீங்க சம்பந்தமே இல்லாத ஸ்வரம்னு நினைச்சது அந்த மேல் பஞ்சமம்தான், ஒரு தடவை நிதானமா ஊதிப் பாருங்க, காது உடனே அடையாளம் கண்டுக்கும்.

இதோட பலன் என்னன்னா கீழ்ல இருந்து மேல போறதுக்குள்ள ஒரு ஸ்தாயி ப்ளஸ் அஞ்சு ஸ்வரத்துக்கு தனித்தனியா ஓட்டையும் கீயும் வேணும், அதனாலதான் கிளாரினெட்ல இத்தனை கீ. சுமார் 1700 வாக்குல நியூரம்பெர்க்ல யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர்ங்கறவர் ஷலுமோங்கற பழைய குழலை வச்சு இதை உருவாக்கினார்னு சொல்லுவாங்க, அப்போ ரெண்டே ரெண்டு கீதான். கீ கம்மியா இருந்த காலத்துல ஒரே கருவியில எல்லா சுருதிக்கும் வாசிக்க முடியாது, விரல் சிக்கிக்கும், அதனால வாசிக்கறவங்க சி ஒண்ணு, பி ஃப்ளாட் ஒண்ணு, ஏ ஒண்ணுன்னு தூக்கிட்டுப் போவாங்க. பின்னாடி கீ கூடினதும் சி மெதுவா ஒதுங்கிடுச்சு, ஆனா ஆர்க்கெஸ்ட்ரால பி ஃப்ளாட்டும் ஏ-வும் இன்னைக்கும் ஜோடியா ஒரே பெட்டியில இருக்கும், ஏன்னா அந்தந்தக் கருவியை மனசுல வச்சு எழுதின இசை அவ்வளவு இருக்கு. ஷார்ப் நிறைய இருக்கற இசைக்கு ஏ, ஃப்ளாட் நிறைய இருந்தா பி ஃப்ளாட், விரலுக்கு சுலபம். ரெண்டுக்கும் ஒரே மவுத்பீஸ் போதும், நடுவுல மாத்தும்போது சூடான மவுத்பீஸை அப்படியே கழட்டி அடுத்ததுல சொருகுவாங்க.

ஏ-வோட நாதம் கொஞ்சம் இருட்டா இருக்கும்னு சொல்றாங்க, எனக்கும் வாசிக்கும்போது அப்படித் தோணும், ஆனா கண்ணை மூடிட்டு கேட்டா கண்டுபிடிப்பேன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. மொஸார்ட் 1791ல எழுதின கான்செர்ட்டோ இப்போ ஏ-லதான் வாசிக்கிறாங்க, ஆனா அது ஆன்டன் ஸ்டாட்லர்ங்கற வாத்தியக்காரருக்காக எழுதினது, அவர்கிட்ட இருந்தது சாதாரண ஏ இல்ல, கீழ, எழுதின சி வரைக்கும் போற நீளமான பேஸட் கிளாரினெட். மொஸார்ட்டோட கையெழுத்துப் பிரதி தொலைஞ்சு போச்சு, அச்சுல வந்தது சாதாரண கிளாரினெட்டுக்குத் தகுந்த மாதிரி கீழ் ஸ்வரங்களை மேல தூக்கிப் போட்டது. இப்போ சிலர் பேஸட் கிளாரினெட் செஞ்சு வாங்கி பழைய மாதிரியே வாசிக்கிறாங்க, ஒரு தடவை அதைக் கேளுங்க, மேல தாவிப் போற வரி எல்லாம் நேரா கீழ இறங்கும்போது இதுதான் சரின்னு தோணும்.

சின்ன ஈ ஃப்ளாட் பத்தி ஒரு வரி. பார்க்க பொம்மை மாதிரி இருக்கும், சத்தம் கூர்மை, பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் 1830ல தன் சிம்ஃபொனியோட கடைசிப் பகுதியில சூனியக்காரிகள் ஆட்டத்துக்கு அதைத்தான் கொண்டு வந்தார். சின்னதா இருக்குன்னு முதல் கருவியா எடுத்துடாதீங்க, சுருதி நிறுத்தறது இருக்கறதுலயே கஷ்டம் அதுலதான், உதடு ஒரு நூல் அசைஞ்சாலும் ஸ்வரம் நகரும்.

கீழ்ஸ்தாயி:

பேஸ் கிளாரினெட் பத்தி யாரும் பேசல, நான் பேசிடறேன். பதினோரு வருஷமா அதைத்தான் வாசிக்கிறேன்.

பி ஃப்ளாட்டுக்கு சரியா ஒரு ஸ்தாயி கீழ. மேல உலோகத்துல வளைஞ்ச கழுத்து, கீழ மேல்நோக்கித் திரும்பின உலோக பெல் (வாய் விரிஞ்ச முனை), அதனால நிறைய பேரு சாக்ஸஃபோன்னு நினைச்சுக்குவாங்க. அப்படி நினைக்கறதுலயும் ஒரு நியாயம் இருக்கு, சாக்ஸஃபோன் பண்ண அடோல்ஃப் சாக்ஸ்தான் 1838ல பேஸ் கிளாரினெட்டையும் இன்னைக்கு இருக்கற வடிவத்துக்குக் கொண்டு வந்தார், சாக்ஸஃபோனுக்கு அவர் காப்புரிமை வாங்கினது அதுக்கப்புறம் 1846ல. ஆனா உள்ள குழாய் நேர்குழாய்தான், விரலும் கிளாரினெட் விரல்தான், ரெஜிஸ்டர் தாவினா அந்த மேல் பஞ்சமம்தான்.

ரெண்டு மாடல் உண்டு. ஒண்ணு எழுதின ஈ ஃப்ளாட் வரைக்கும் கீழ போகும், இன்னொண்ணு சி வரைக்கும் போகும். சி மாடல் நீளம், எடை, விலை எல்லாமே கூட, ஆனா ஆர்க்கெஸ்ட்ராவுல வாசிக்கணும்னா அது இல்லாம முடியாது. எழுதறதும் பெரும்பாலும் சாதாரண கிளாரினெட் மாதிரி ட்ரெபிள் க்ளெஃப்லயே எழுதுவாங்க, அதனால சாதாரண கிளாரினெட் வாசிக்கறவங்க வாங்கி வச்சு நேரா ஆரம்பிச்சுடலாம். மாறுறது மூச்சு. நிறைய காத்து வேணும், ஆனா அழுத்தக் கூடாது, தாடையைத் தளர்த்தி விடணும், சின்ன கிளாரினெட் மாதிரி இறுக்கிக் கடிச்சா கீச்சுன்னு கத்தும். நான் முதல் ஆறு மாசம் இதைப் புரிஞ்சுக்காம தாடை வலியோட சுத்தினேன், வாத்தியார் ஒரு நாள் "கொட்டாவி விடுற மாதிரி தொண்டையைத் திற"ன்னார், அன்னைக்குத்தான் அந்தக் கீழ் சத்தம் தரையில அதிர்ந்துச்சு.

ஜாஸ்ல எரிக் டால்ஃபி வாசிச்சதைக் கேட்டுப் பாருங்க, அதே கருவியில அடி ஆழத்துல இருந்து கத்தல் வரைக்கும் ஒரே மூச்சுல போவார். நாலு ஸ்தாயி கிட்ட வீச்சு இருக்கற கருவி இது.

இதுக்கும் கீழ கான்ட்ரா ஆல்ட்டோ, கான்ட்ரா பேஸ்னு இருக்கு. கான்ட்ரா பேஸ் பி ஃப்ளாட்டுக்கு ரெண்டு ஸ்தாயி கீழ, உலோகக் குழாயை மடிச்சு மடிச்சு செஞ்ச மாடலுக்கு பேப்பர் கிளிப்னே பேர் வச்சுட்டாங்க. ஆல்ட்டோ கிளாரினெட் ஈ ஃப்ளாட்ல, பி ஃப்ளாட்டுக்கும் பேஸுக்கும் நடுவுல. காத்துக்கருவி பேண்டுல தவிர பெருசா இடம் கிடைக்கல அதுக்கு, எனக்கு அதுல வருத்தம்தான். பேஸட் ஹார்ன் அதுக்கு நெருங்கின சொந்தம், பேருல ஹார்ன் இருந்தாலும் கிளாரினெட்தான், எஃப் சுருதி, உள்துளை ஆல்ட்டோவை விட ஒடுக்கம், அதனால சத்தம் மென்மையா ஒதுங்கி நிக்கும். மொஸார்ட்டோட ரெக்வியெம்ல சாதாரண கிளாரினெட்டே கிடையாது, ரெண்டு பேஸட் ஹார்ன்தான், அந்த துக்கத்தோட நிறமே அதுலதான் வருது.

குழல்_மனசு:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மேல் பஞ்சமம்னு சொன்னதும் போய் ஊதிப் பார்த்தேன், சத்தியமா பஞ்சமம்தான்! நாலு நாளா மண்டையைக் குடைஞ்சது ஒரு வரியில தீர்ந்துடுச்சு.

ஆனா இன்னொரு சந்தேகம் வந்துடுச்சு. நெட்ல பார்க்கற படத்துக்கும் என்கிட்ட இருக்கறதுக்கும் கீ அமைப்பு ஒத்துப் போகல. படத்துல வலது கை சுண்டுவிரலுக்கு நாலு கீ இருக்கு, எனக்கு ரெண்டுதான், அதுவும் நடுவுல சின்ன உருளை வச்சு. இடது சுண்டுவிரலுக்கும் ரெண்டுதான். மொத்தம் எண்ணினா 13 கீ. சார்ட்படி பிடிச்சா சில ஸ்வரம் சுத்தமா வரல.

பேட்_மாத்தறவர்:

உருளை இருக்குன்னு சொன்னீங்களே, அதுலயே தெரிஞ்சுடுச்சு. உங்ககிட்ட இருக்கறது ஆல்பர்ட் சிஸ்டம். இருபத்தி ரெண்டு வருஷமா இந்த ரிப்பேர் வேலைதான் பார்க்கிறேன், வருஷத்துக்கு நாலஞ்சு இப்படி வரும், பெட்டியைத் திறந்து காட்டும்போது எல்லாருக்கும் உங்க மாதிரிதான் கண்ணுல ஒரு ஆசை இருக்கும்.

பி ஃப்ளாட்டா ஏ-வாங்கறது ஒரு கேள்வி, கீ எந்த சிஸ்டம்ங்கறது முழுசா வேற கேள்வி, இது ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது. இன்னைக்கு உலகத்துல பெரும்பாலும் விக்கிறது போயெம் சிஸ்டம், 17 கீ, 6 வளையம். பேர் போயெம்னு இருந்தாலும், போயெம்ங்கறவர் புல்லாங்குழலுக்குப் பண்ண யோசனையை வச்சு கிளாரினெட்டுக்கு ஏத்த மாதிரி செஞ்சது க்ளோஸேங்கற வாத்தியக்காரரும் புஃபேங்கற கருவி செய்யறவரும், 1839ல காட்சிக்கு வச்சு 1844ல காப்புரிமை வாங்கினாங்க. அதுல சுண்டுவிரல் ஸ்வரங்களை ரெண்டு கையிலயும் பிடிக்கலாம், சறுக்க வேண்டியதில்ல. ஆல்பர்ட்ல அந்த வசதி இல்ல, அதான் உருளை வச்சு விரலைச் சறுக்க விடறாங்க. அது இவான் ம்யூல்லரோட பழைய 13 கீ கிளாரினெட் வழியில வந்தது, பிரஸல்ஸ்ல யூஜீன் ஆல்பர்ட் நல்லா செஞ்சதால அவர் பேரு ஒட்டிக்கிச்சு.

மட்டமான சிஸ்டம்னு நினைக்காதீங்க. நியூ ஆர்லியன்ஸ் பழைய ஜாஸ்ல சிட்னி பெஷே, ஜானி டாட்ஸ் எல்லாம் ஆல்பர்ட்தான் வாசிச்சாங்க. துருக்கியில ஜி சுருதியில ஒரு நீளமான கிளாரினெட் இருக்கு, பி ஃப்ளாட்டை விட மூணு அரைஸ்வரம் கீழ, அதுவும் இந்த வகை கீதான். காரணம் இருக்கு, விரலை மெதுவா வழிச்சு எடுத்து ஸ்வரத்தை இழுக்கறதுக்கு இது வசதி, புல்லாங்குழல்ல கமகம் பிடிச்ச விரலுக்கு இது சட்டுன்னு ஒட்டிக்கும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இன்னும் வேற வழி, ம்யூல்லர் வம்சத்துலயே வளர்ந்த ஏலர் சிஸ்டம், 20க்கு மேல கீ, மவுத்பீஸும் ரீடும் ஒடுக்கம், ரீடை இன்னமும் நூல் சுத்திக் கட்டறவங்க அங்க நிறைய. சத்தம் அடர்த்தியா உருண்டையா இருக்கும். ஆனா கத்துக்க புத்தகம், வாத்தியார், உதிரி பாகம் எல்லாம் சுலபமா கிடைக்கணும்னா போயெம்தான்.

இப்போ உங்க ட்யூனர் கதை. ஏ 440ங்கறது, அதாவது ஏ சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வுங்கறது, 1939ல லண்டன் மாநாட்டுலதான் உலகத்துக்குப் பொதுவா ஒத்துக்கிட்டது. அதுக்கு முன்னாடி பேண்டுகள்ல ஏ 452, 457ன்னு உசத்தி வச்சிருந்தாங்க, அது இன்னைக்கு கணக்குக்கு கிட்டத்தட்ட அரைஸ்வரத்துல பாதி கூட. அந்தக் காலத்து கருவியில மேல் ஜாயின்ட் (மேல் பாதிக் குழாய்) பின்பக்கமோ, கம்பெனி பேருக்குக் கீழயோ எச்.பி.ன்னு பொடி எழுத்துல குத்தியிருப்பாங்க, ஹை பிட்ச்னு அர்த்தம். எல்.பி.ன்னு இருந்தா லோ பிட்ச், அது இன்னைக்கும் பயன்படும். உங்களுக்கு ஏ-வுக்கும் பி ஃப்ளாட்டுக்கும் நடுவுல நிக்கறதால, அது எச்.பி. ஏ கிளாரினெட்டா இருக்கலாம், இல்ல புதுசா ஊதறவங்க உதடு தளர்ந்திருந்தா பி ஃப்ளாட்டே கொஞ்சம் இறங்கியும் கேட்கும். அளந்து பார்த்தும் சட்டுன்னு சொல்ல முடியாது, ஏ-வுக்கும் பி ஃப்ளாட்டுக்கும் நீள வித்தியாசமே மூணு நாலு சென்டிமீட்டர்தான், எச்.பி.ன்னா அது பாதி வழியில நிக்கும். லென்ஸ் வச்சு அந்த எழுத்தைத் தேடுங்க.

எச்.பி.ன்னா மவுத்பீஸுக்குக் கீழ இருக்கற சின்னக் குழாயான பேரலை வெளிய இழுத்து சரி பண்ணிடலாம்னு சிலர் சொல்லுவாங்க. ஆகாது. பேரலை இழுத்தா மேல ஓட்டைக்குக் கிட்ட இருக்கற ஸ்வரம் நிறைய இறங்கும், கீழ இருக்கறது கொஞ்சம்தான் இறங்கும், ஒண்ணுக்கொண்ணு ஒட்டாமப் போயிடும். ஒரு பத்து பதினஞ்சு சென்ட் (அரைஸ்வரத்துல நூறுல ஒரு பங்குதான் ஒரு சென்ட்) சரி பண்ணலாம், அம்பது சென்ட் முடியாது.

கருங்கட்டை:

பேட் அண்ணன் சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. கத்துக்கறதுக்கு தனியா ஒரு பி ஃப்ளாட் போயெம் எடுக்கறதா இருந்தா, முதல் கருவி பிளாஸ்டிக்தான் எடுக்கணும், மரமே வேணாம். மரம்னா கிரெனடில்லா, ஆப்பிரிக்காவுல வளர்ற ஈட்டி வகை, தண்ணியில போட்டா மூழ்கற அளவு அடர்த்தி. அழகுதான், ஆனா உள்ள சூடான ஈர மூச்சு, வெளிய குளிர் காத்துன்னா பேரல்லயும் மேல் ஜாயின்ட்லயும் விரிசல் விடும். என்னோட முதல் மரக் கிளாரினெட் வாங்கின மூணாவது மாசமே மேல் ஜாயின்ட்ல ட்ரில் கீ ஓட்டை பக்கம் விரிஞ்சுடுச்சு, அன்னைக்கு நான் சாப்பிடவே இல்ல. புது மரத்தை முதல் சில வாரம் தினம் 15, 20 நிமிஷத்துக்கு மேல ஊதக் கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரல.

ரெண்டரை_ரீட்:

கருங்கட்டை சொல்றதுல பாதி ஒத்துக்கறேன். வெளியிடத்துல வாசிக்க, ஆரம்பத்துக்கு பிளாஸ்டிக் சரி. ஆனா சத்த வித்தியாசம் மரத்துனாலன்னு நினைச்சா தப்பு. உள்துளை எவ்வளவு துல்லியமா கடைஞ்சிருக்காங்க, ஓட்டையோட ஓரத்தை எப்படி சீவியிருக்காங்கங்கறதுதான் பெரும்பங்கு. விலை உயர்ந்த கருவியை மரத்துல செஞ்சு கவனமா கடையறாங்க, அதனால மரம் நல்லா இருக்குன்னு நம்ம நினைச்சுக்கறோம். அதுக்கும் மேல மவுத்பீஸும் ரீடும். சாதாரண பிளாஸ்டிக் கருவிக்கு நல்ல மவுத்பீஸ் போட்டா அது வேற கருவி ஆகிடும். ரீட் நம்பர் 2ல இல்ல ரெண்டரைல ஆரம்பிங்க, பெட்டியில இருந்த அந்தப் பழைய ரீடைத் தயவுசெஞ்சு தூக்கிப் போடுங்க, பூஞ்சை இருக்கும், நேரா நுரையீரலுக்குப் போற விஷயம்.

குழல்_மனசு:

லென்ஸ் வச்சுப் பார்த்தேன். மேல் ஜாயின்ட் பின்னாடி, கட்டைவிரல் ஓட்டைக்கு மேல, எச்.பி.! கூடவே கீழ பொடி எழுத்துல ஏ-ன்னும் இருக்கு. பெரியப்பா எப்பவும் தனியாத்தான் வாசிப்பார், யார்கூடவும் சேர்ந்து வாசிக்க மாட்டார்னு அப்பா சொல்லுவாங்க, அது கூச்சம்னு இத்தனை நாள் நினைச்சுட்டு இருந்தோம்.

கத்துக்க ஒரு பிளாஸ்டிக் பி ஃப்ளாட் போயெம் வாடகைக்கு எடுக்கப் போறேன். இதையும் சும்மா வைக்க மனசு வரல. பேட் அண்ணே, பேட் (ஓட்டையை மூடற மெத்தை) மாத்தி வாசிக்கலாமா, இல்ல வீண் செலவா?

பேட்_மாத்தறவர்:

தாராளமா வாசிக்கலாம். பியானோ கூடவோ மத்தவங்க கூடவோ சேராது, அவ்வளவுதான். ஃபோன்ல இருக்கற சுருதி ஆப்ல ஏ வச்சுட்டு சென்ட் கணக்குல அம்பது கிட்ட ஏத்திப் பாருங்க, உங்க கருவி எங்க நிக்குதோ அங்க சுருதியைக் கொண்டு போய் நிறுத்திட்டா, தனியா வாசிக்கறதுக்கு ஒரு குறையும் இல்ல.

பேட் மாத்தறதுக்கு முன்னாடி மூணு வேலை. மேல் ஜாயின்ட்ல நீளவாக்குல முடி மாதிரி கோடு இருக்கான்னு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாருங்க. ஜாயின்ட் கார்க் காஞ்சிருக்கும், க்ரீஸ் தடவாம சேர்த்து முறுக்காதீங்க, பிஞ்சுடும். சேர்க்கும்போது கீ கம்பியைப் பிடிச்சு அழுத்தாதீங்க, பழைய கம்பி வளைஞ்சா நிமிர்த்தறது கஷ்டம். அப்புறம் மவுத்பீஸ் எபோனைட்டாத்தான் (கெட்டி ரப்பர்) இருக்கும், அதை வெந்நீர்ல கழுவிடாதீங்க, நிறம் பச்சையா பழுப்பா மாறி கந்தக வாசனை அடிக்கும். பச்சைத்தண்ணியும் துளி சோப்பும் போதும்.

குழல்_மனசு:

வெந்நீர் வைக்கத்தான் போயிட்டு இருந்தேன், நல்லவேளை படிச்சேன். அடுப்பை அணைச்சாச்சு.